ஆமோஸுக்கு மிஞ்சிய ஒரு சொல்

ஆமோஸ் ஸ்பென்ஸ்லி பேசாமல் இருந்த நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். தூங்கும்போது பேசமாட்டார். கோயிலில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது, அதுவும் மனைவி ஐவி முழங்கையால் ஓர் இடி இடித்தால், பேசமாட்டார். மற்ற நேரமெல்லாம் அவர் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஆட்டுச் சந்தையில் ஒரு வியாபாரி அவருடைய கிடாவை மிகக் குறைந்த விலைக்குக் கேட்டான். “இந்த வெலைக்கு வாலு வேணா வரும். கத்தி கொண்டாந்திருக்கியா?” என்றார் ஆமோஸ். அந்த வியாபாரி பத்து வருஷம் கழித்து ஊரைவிட்டுப் போகும்வரை அவனுக்கு ‘வால்’ என்றே பெயர்.

நான் அந்த யார்க்‌ஷர் பள்ளத்தாக்குக்கு இந்தியாவிலிருந்து வட்டார நர்ஸாக வந்தது எழுபத்து நான்கில். வந்த முதல் மாதமே ஆமோஸின் வாயில் அகப்பட்டேன். மேல்பண்ணையிலிருந்து ஒரு கிழவி தொலைபேசியில் கூப்பிட்டு, “எங்க வீட்டுக்காரர் இன்னும் விக்காத்தான் இருக்கார், சிஸ்டர்” என்றாள். என் காதில் விழுந்தது ‘வீக்’. பலவீனமாகக் கிடக்கிறாராக்கும் என்று பையைத் தூக்கிக்கொண்டு பனியில் வண்டியை ஓட்டினேன். போய்ப் பார்த்தால் எண்பத்தோரு வயது மனுஷர் கூரைமேல் நின்று ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறார். ‘விக்’ என்றால் அந்தப் பக்கத்தில் ‘உயிரோடு இருப்பது’. துறுதுறுவென்று இருப்பதும் அதுதான். மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்லத்தான் கிழவி கூப்பிட்டிருக்கிறாள். இந்தக் கதையை மூன்று பள்ளத்தாக்குக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஆமோஸ். அதன்பின் என்னை எங்கே கண்டாலும், “பாத்துச் சொல்லு சிஸ்டர், நான் விக்கா, வீக்கா?” என்று நாடி பார்க்கக் கையை நீட்டுவார்.

ஐவி நேர்மாறு. ஒரு கேள்விக்கு ஒரு சொல், அதுவும் யோசித்துத்தான். அவளுடைய இடுப்பு மூட்டு தேய்ந்திருந்ததால் மாதம் ஒருமுறை அவர்கள் பண்ணைக்குப் போவேன். லாம்விக் என்று பண்ணைக்குப் பெயர். சுருக்கமாக ‘விக்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். “விக்குக்குப் போறேன்” என்றால் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். அடுக்களை மேசையில் தேநீரும் பாலாடைக்கட்டியும் பழக் கேக்கும் வைத்துவிட்டு ஐவி எதிரே உட்கார்ந்திருப்பாள். பேசுவதெல்லாம் ஆமோஸ்தான். “நீங்க ஏன் பேசறதே இல்ல?” என்று ஒருநாள் கேட்டேன். “எடம் எங்க இருக்கு?” என்றாள்.

எண்பத்தாறு அக்டோபரில், கிடாக்களை ஆடுகளோடு சேர்க்கும் சமயத்தில், ஆமோஸ் கல்சுவர் ஓரமாக விழுந்துகிடந்தார். எந்த ஆட்டோடு சேர்ந்தது என்று அடையாளம் தெரியக் கிடாவின் நெஞ்சில் பூசும் சிவப்புச் சாயம் அவர் சட்டையெல்லாம் கொட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்த ஐவி, கிடா முட்டிக் குடலைச் சரித்துவிட்டது என்றே நினைத்தாளாம். பக்கவாதம். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. பட்டணத்து ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலக்கை போயிற்று, வலக்கால் பாதி போயிற்று. பேச்சு முழுக்கப் போய், ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது. விக்.

தண்ணீர் வேண்டுமா என்றால் விக். வலிக்கிறதா என்றால் விக். நாக்கை உருட்டி, கண்ணை இறுக்கி, பெரிய வாக்கியம் ஒன்றைச் சொல்ல முயல்வார். கடைசியில் வெளியே வந்து விழுவது அதுவாகவே இருக்கும். மூளையில் பேச்சு இருக்கும் இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் மிஞ்சும். நான் பார்த்த இன்னொருவருக்கு ஒரு கெட்டவார்த்தை மிஞ்சியிருந்தது. அந்த வகையில் ஆமோஸ் பாக்கியசாலி என்று ஐவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ரோசலிண்ட் என்ற இளம்பெண் வந்தாள். தென்பகுதிக்காரி, நல்ல மாதிரி. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். முதல்நாள் மெழுகுவர்த்திப் படத்தைக் காட்டியபோது ஆமோஸ் “விக்” என்றாராம். ஆங்கிலத்தில் திரிக்கும் அதுதான் பெயர் என்பதால் அவளுக்கு ஒரே சந்தோஷம். அடுத்து கோப்பை, விக். கரண்டி, விக். பூனை, விக். சந்தோஷம் வடிந்துபோய், ‘பொருளற்ற ஒலி, திரும்பத் திரும்ப வருகிறது’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதுவதை எட்டிப் பார்த்த ஐவி அன்று வழக்கத்துக்கு மாறாக வாய் திறந்தாள்.

“பொருள் இருக்கு. குட்டி பொறந்து கீழ விழுந்ததும் எங்காளுங்க மொதல்ல கேக்கறது அதான். விக்கா? உசிரு இருக்கான்னு அர்த்தம். நாப்பது வருஷமா ஒவ்வொரு வசந்தத்துலயும் இவன் ஆயிரம் தடவ சொன்ன வார்த்தை.”

ரோசலிண்ட் ‘பொருளற்ற’ என்பதை அடித்துவிட்டாள்.

ஜனவரிக் கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் நடந்தது. ஆமோஸை இனி எங்கே வைத்துப் பார்ப்பது என்பதுதான் பேச்சு. நானும் போயிருந்தேன். பண்ணை மலைமேல் இருக்கிறது, படிகள் செங்குத்து, ஐவிக்கோ இடுப்பு சரியில்லை, அவரைத் தூக்கி உட்கார வைக்க ஆளில்லை. சந்தை ஊரில் உள்ள முதியோர் இல்லத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றார் டாக்டர். சமூகநலத் துறையிலிருந்து லாங்ஸ்டாஃப் வந்திருந்தார். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்துக்காரர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எல்லோரும் ஆமோஸின் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஆமோஸின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க சொல்லுங்க ஐயா. அந்த இல்லத்துல போய் இருந்து பாக்கறீங்களா?”

“விக்” என்றார் ஆமோஸ்.

லாங்ஸ்டாஃபின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, இவர் தெளிவாத்தான் சொல்றார். எங்க தாத்தாவும் இப்படித்தான் சொல்லுவார். விக்னா வாரம். ஒரு வாரம் இருந்து பாக்கறேங்கிறார்.”

அவர் சொன்னது தப்பில்லை. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வாரத்தையும் ‘விக்’ என்றுதான் சொல்வார்கள். ஆமோஸ் இடது கையால் மேசையை அறைந்தார். மறுபடியும் “விக்”, மறுபடியும் அறை. சரி, ஒரு வாரம்தான், கண்டிப்பாக ஒரு வாரம்தான் என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஐவியைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மனைவியே ஒன்றும் சொல்லாதபோது நான் என்ன சொல்ல என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

ஒரு வாரம் இரண்டு வாரம் ஆயிற்று. ஐவிக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் தள்ளிப்போனது. பாதையில் பனி அடைத்துக்கொண்டது என்று இன்னொரு வாரம். பண்ணையை அவளும் பக்கத்துப் பண்ணை கிளிஃபர்டும் பார்த்துக்கொண்டார்கள். கிளிஃபர்ட் கல்யாணம் செய்துகொள்ளாதவர்; ஆமோஸோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஐவி ஞாயிறு தவறாமல் ஆமோஸைப் பார்க்கப் போவாள். ஆனால் மாதம் ஒன்று முடிவதற்குள் ஆமோஸ் அந்த ஒரு சொல்லையும் விட்டுவிட்டார். என்ன கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை. சூப்பைக்கூடத் துப்பிவிடுகிறார் என்று இல்லத்துக்காரர்கள் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தபோது கார்கள் நிற்கும் முற்றத்தைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாடி பார்க்கக் கையை எடுத்தேன். உருவிக்கொண்டார்.

ஏப்ரல் நடுவில் ஆடுகள் ஈனத் தொடங்கின. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளிஃபர்ட் என்னைக் கூப்பிட்டார்; ஐவியின் கையை ஓர் ஆடு கதவோடு சேர்த்து நசுக்கிவிட்டது என்றார். போனேன். எலும்பு முறியவில்லை, இரண்டு நகம் போயிருந்தது. அடுக்களைத் தொட்டியில் வைத்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஐவி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அன்னிக்கு அவன் வாரத்தச் சொல்லல சிஸ்டர். வீட்டச் சொன்னான்.”

“விக்குக்குப் போகணும்னு சொன்னாரா?”

“அந்த மேசைய அறைஞ்ச அறையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டேன்.”

ஏன் என்பதையும் அவளே சொன்னாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று மாதமும் வீடு அமைதியாக இருந்ததாம். முதல் வாரம் அது பயமாக இருந்ததாம்; அப்புறம் பழகியதாம்; அப்புறம் பிடித்துப்போனதாம். தேநீர் ஆறும்வரை யாரும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்கலாம், ரேடியோவில் பாட்டு முழுசாகக் கேட்கலாம். அவரைத் தூக்கும்போது இருவரும் சேர்ந்து படியில் உருண்டுவிடுவோமோ என்ற பயமும் இருந்ததாம். “ஆனா அது ரெண்டாவதுதான்” என்றாள். “மொதல்ல நெனச்சது அமைதியத்தான். நாப்பது வருஷத்துல எனக்குன்னு கெடச்சது அந்த மூணு மாசந்தான்னு நெனச்சேன். அவ்வளவு கெட்டவளா நான்?”

நான் கட்டுப்போட்டு முடித்தேன். கெட்டவள் இல்லை, களைத்துப்போனவள் என்று சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை என்று தெரிந்தது. “உங்க வண்டியில என்னக் கொண்டுபோய் விடறீங்களா?” என்று கேட்டாள். கிளிஃபர்டைக் கொட்டகையில் விட்டுவிட்டு, சேறு அப்பிய பூட்ஸோடு அப்படியே வண்டியில் ஏறினாள்.

ஆமோஸ் அதே ஜன்னல் பக்கம் இருந்தார். ஐவி அவர் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். சுற்றிவளைக்கவில்லை. “ஆமோஸ், அன்னிக்கு நீ வீட்டச் சொன்னது எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். என் தப்பு” என்றாள்.

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார்.

நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். ஐவி போகவிடவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், அவளுக்குப் பழக்கமே இல்லாத ஒன்றைச் செய்தாள். பேசத் தொடங்கினாள். ஆடுகளைப் பற்றி. எந்த ஆடு எந்த நாளில் ஈன்றது, எது இரட்டை போட்டது, எது குட்டியைச் சேர்க்க மறுத்தது, செத்த குட்டியின் தோலை உரித்து அநாதைக் குட்டிக்குப் போர்த்தி எப்படித் தாயை ஏமாற்றினார்கள், கிளிஃபர்ட் எங்கே தூங்கி விழுந்தார். முதலில் திக்கித் திக்கி வந்தது. பிறகு நிற்காமல் வந்தது. அரைமணி நேரம் இருக்கும். கொம்பு ஒடிந்த கிழட்டு ஆடு நேற்று மதியம் முதல் எழுந்திருக்காமல் கிடந்தது, வயிற்றில் மூன்று குட்டி, கையை விட்டு ஒவ்வொன்றாக இழுத்தோம் என்றாள். அங்கே அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

ஆமோஸ் திரும்பினார். “விக்?” என்றார்.

ஏழு வாரத்துக்குப் பிறகு வந்த சத்தம் அது. கேள்வி என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

“ரெண்டு விக். ஒண்ணு போயிடுச்சு” என்றாள் ஐவி.

“விக்?” கட்டைவிரலால் தன் நெற்றியில் கொம்பு போலக் காட்டினார்.

“தாயா? அதுக்கு ஒண்ணுமில்ல. காலைல எந்திரிச்சு என் கையத்தான் நசுக்கிச்சு.”

ஆமோஸ் அவளுடைய கட்டுப்போட்ட கையை இழுத்துப் பார்த்தார். சரியாக இருந்த பாதி முகத்தில் கண்ணீர் வந்தது. மற்ற பாதி அப்படியே இருந்தது. ஐவி தன் தலைக்குட்டையை அவிழ்த்து அவர் முகம் முழுவதையும் துடைத்துவிட்டாள்.

சனிக்கிழமை கிளிஃபர்டின் லாண்ட் ரோவரில் அவரைக் கொண்டுவந்தோம். முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. விஷயம் தெரிந்ததும் லாங்ஸ்டாஃப் கூனிக்குறுகிப் போனார். அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு துளைபோடும் கருவியோடு வந்து, குளியலறையிலும் கொட்டகைக்குப் போகும் வழியிலும் பிடிகம்பிகளைத் தானே பொருத்தினார். ஆமோஸ் பின்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்து, கம்பி கோணலாக இருக்கிறது என்று “விக், விக்” என்று அதட்டிக்கொண்டிருந்தார். மூன்றுமுறை கழற்றி மாட்ட வேண்டியதாயிற்று.

ஜூனில் ரோசலிண்ட் வந்தாள். லாம்விக்கில் பயிற்சி கொடுக்க வந்தவள்தான். ஆனால் பையிலிருந்து முதலில் எடுத்தது எழுதி நிரப்பிய ஒரு தாள். இந்த ஒரு சொல் இவ்வளவு குழப்பம் செய்ததைக் கேள்விப்பட்டு, நூலகத்தில் இருந்த பெரிய அகராதிகளைப் புரட்டியிருக்கிறாள். இது ஒரு சொல்லே இல்லை, ஐந்து சொல் என்றாள். உயிருள்ளது என்ற ‘விக்’ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலச் சொல். ‘வேகம்’ என்ற பொருளில் நாம் இன்று சொல்லும் ‘க்விக்’ அதே சொல்தான். உயிருள்ளது துடிக்கும், துடிப்பது விரையும் என்று பொருள் நகர்ந்துவிட்டது. நகத்துக்கு அடியில் தொட்டால் வலிக்கும் சதைக்கும் அதே பெயர். பண்ணை ‘விக்’ ரோமானியர்கள் விட்டுப்போன சொல். முதலில் குடியிருப்பு, பிறகு பால்பண்ணை. வார ‘விக்’ திரும்பி வருவது, முறை மாறுவது என்பதிலிருந்து வந்தது. மெழுகுவர்த்தித் திரி, நூலைப் பின்னுவதோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அகராதிக்காரர்களுக்கே நிச்சயமில்லை. ஐந்தாவது, வாயின் கடைக்கோடி. அந்தப் பக்கத்தில் வாயோரத்தையும் ‘விக்’ என்பார்கள். அது கடல்தாண்டி வந்த வட ஐரோப்பியர் கொண்டுவந்த சொல், அவர்களிடத்தில் வளைகுடாவுக்கும் அதுதான் பெயர்.

“எல்லாம் தேஞ்சு தேஞ்சு ஒரே மூஞ்சி ஆயிடுச்சு” என்றாள் ரோசலிண்ட். பிறகு என்னைப் பார்த்து, உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்றாள். உயிர் என்ற ‘விக்’குக்கு இந்தியாவில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டாம். ‘ஜீவ’ என்று அவள் கஷ்டப்பட்டு உச்சரித்தாள். ஜீவன் எங்கள் பேச்சில் தினமும் வரும் சொல் என்றேன். பதின்மூன்று வருஷம் அந்த ஊரில் இருந்துவிட்டு, ‘வீக்’ என்று நான் மயங்கிய அந்தச் சொல் எனக்கு உறவுமுறை என்று அன்றுதான் தெரிந்தது.

ஆமோஸ் இதையெல்லாம் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னிடம் ஒன்றுதான் இருக்கிறது என்று இருந்தவருக்கு ஐந்து என்று யாரோ வந்து சொன்னால் எப்படி இருக்கும். அந்தத் தாளை வாங்கி இடது கையால் நீவிவிட்டார். கோணிய வாயோரத்தை விரலால் தொட்டுக் காட்டி, மிகவும் மரியாதையாக, “விக்” என்றார். ஐவி சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம்.

பேச்சு திரும்பவே இல்லை. ‘ஐவி’ என்பதை வரவழைக்க ரோசலிண்ட் ஒரு வருஷம் பாடுபட்டுவிட்டுக் கைவிட்டாள். ஆனால் ஒரே சொல்லை எத்தனை விதமாக இழுக்கலாம், வெட்டலாம், உறுமலாம் என்று ஆமோஸ் கற்றுக்கொண்டார். அதைப் புரிந்துகொள்ள ஐவியும் கற்றுக்கொண்டாள். புரியாதபோது ஒன்றொன்றாகக் கேட்டுப் பார்ப்பாள். அவரும் பொறுமையில்லாமல் தலையாட்டுவார். இருவருக்கும் சண்டைகூட வரும். ஒருமுறை நான் உள்ளே நுழையும்போது, “என்ன வேணா சொல்லிக்கோ, அந்தக் கிடாவ நான் விக்கத்தான் போறேன்” என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். அவர் விக், விக், விக் என்று மேசையை அறைந்துகொண்டிருந்தார். அந்த வருஷம் கிடாவை விற்கவில்லை.

அடுத்த அக்டோபரில் விற்றார்கள். ஏலக் களத்தில் ஐவி கிடாவைப் பிடித்து நடத்தினாள். ஆமோஸ் ஓரத்தில் நாற்காலியில். யாரோ ஒருவர், பார்த்தால் மந்தமாக இருக்கிறதே என்றார். ஆமோஸ் கைத்தடியை உயர்த்தி, களமே கேட்கும்படி, “விக்!” என்றார். நல்ல விலைக்குப் போனது.

நான் கவனித்த மாற்றம் ஐவியிடம்தான். அடுக்களையில் இப்போது பேசுவது அவள். காலையில் எழுந்தது முதல் நடந்தது, நடக்கப்போவது, அவள் அம்மா செத்த கதை, பள்ளிக்கூடத்தில் கிளிஃபர்ட் அவள் சடையை மையில் தோய்த்த கதை, எல்லாம். இவற்றில் பாதி ஆமோஸுக்கே தெரியாது என்றாள். “கேக்கறதுக்கு அவனுக்கு நேரம் எங்க இருந்துச்சு?” அமைதி போய்விட்டதே என்று நான் கேட்டதற்குச் சற்று யோசித்துவிட்டு, அது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு விஷயம் என்றாள்.

ஆமோஸ் மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தார். தொண்ணூறாம் வருஷம் மே மாதத்தில் ஒருநாள் மதியம், சாப்பிட்டுவிட்டுக் கொட்டகை வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே போய்விட்டார். புட்டிப்பால் குடிக்கும் குட்டிகள் நான்கு கத்திக்கொண்டிருந்தனவாம். ஐவி முதலில் அவற்றுக்குப் பால் கொடுத்தாள். பிறகு எனக்குத் தொலைபேசி செய்தாள். நான் போனபோது கிளிஃபர்டும் அவளும் அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நான் உடம்பைக் கழுவினேன். ஐவி துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். காலையில் சுவர் இடிந்த இடத்தை யார் அடைப்பது, எந்த ஆட்டுக்குக் கால் நொண்டுகிறது என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் போர்வையை இழுத்துவிட்ட பிறகும் நிறுத்தவில்லை. கிளிஃபர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நொண்டி ஆட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.